கேட்டருளும் என்று சொன்னவர்கள்

கோயிலில் மன்றாட்டு நேரம் வந்தால் நான் வாய் திறப்பதில்லை. ஒருவர் முன்னால் போய் நின்று நாட்டுக்காக, நோயாளிகளுக்காக, மழைக்காக என்று ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொன்றின் முடிவிலும் சனம் முழுவதும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும். நான் மட்டும் பீடத்தைப் பார்த்தபடி நிற்பேன். பங்குக் குருவாகப் புதிதாக வந்த சுவாமி இதைக் கவனித்துவிட்டு, தொண்டையில் ஏதும் வருத்தமா என்று ஒரு நாள் கேட்டார். ஓம் சுவாமி, தொண்டையில்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது முழுப் பொய்யும் இல்லை.

விசுவாசம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பூசைக்குப் போகிறேன், நற்கருணை வாங்குகிறேன், தவக்காலத்தில் இறைச்சியை விடுகிறேன். கோபத்தைத்தான் விட முடியவில்லை. ஆண்டவரோடு எனக்கு ஒரு பிரச்சினையும் கிடையாது. என்னோடு கோயிலில் ஒரே வாங்கில் உட்கார்ந்து அந்தப் பதிலைச் சொல்கிறவர்களோடுதான் பிரச்சினை.

நாட்டுக்குப் புதிய அரசியலமைப்பு எழுதப் போகிறார்கள், அதற்குச் சனங்களின் கருத்தைக் கேட்க ஒரு குழு ஊர்காவற்றுறைக்கு வரப் போகிறது என்று முன்பிருந்த சுவாமி ஒரு ஞாயிறு பூசை முடிவில் அறிவித்தார். யாரும் பெரிதாக அசையவில்லை. தீவுப்பகுதியில் எங்களுக்கு அரசியலமைப்பு என்றால் கொழும்பில் யாரோ மாற்றுவது. அதன் பலனை அனுபவிப்பது மட்டும்தான் எங்கள் வேலை. பின்வரிசையில் ஒருவர் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார். சுவாமி விடவில்லை. உயிர், திருமணம், குடும்பம், சமயம் எல்லாவற்றையும் தொடுகிற சட்டம் இது, கிறிஸ்தவர்கள் இதில் தங்கள் மனச்சாட்சியைச் சொல்லாவிட்டால் பிறகு வந்து என்னிடம் அழ வேண்டாம் என்றார். எனக்கு அந்தப் பேச்சுப் பிடித்தது. மனச்சாட்சியைக் கேட்கிறேன் என்று அரசாங்கம் ஒன்று கதவைத் தட்டுவதை நான் அதுவரை கண்டதில்லை.

எங்கள் கோயில் சனத்தை, அதாவது பங்கை, அன்பியங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பக்கத்து வீடுகள் சில சேர்ந்தால் ஒரு அன்பியம். முறை வைத்து வீடு வீடாகக் கூடிச் செபிப்போம், தேத்தண்ணி குடிப்போம், கலைவோம். அந்த அன்பியங்களில் கருத்துக் கேட்பது என்று சுவாமி முடிவெடுத்தார். ஆனால் எங்கள் சனத்தைக் கூட்டத்தில் இருத்தி உங்கள் கருத்து என்ன என்று கேட்டால், ஆண்கள் முகட்டைப் பார்ப்பார்கள், பெண்கள் பாய் விளிம்பை இழுப்பார்கள். செபம் என்றால் மட்டும் எல்லோருக்கும் வாய் வரும். இது சுவாமிக்கும் தெரியும். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சட்டத்தில் என்ன வரவேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதை ஒவ்வொருவரும் ஒரு மன்றாட்டாகச் சொல்லுங்கள், மற்றவர்கள் வழக்கம்போலப் பதில் சொல்லட்டும் என்றார். கெட்டிக்காரச் சுவாமி என்று நான் அன்றைக்கு வீட்டில் புகழ்ந்து கதைத்தேன்.

எங்கள் அன்பியத்தின் கூட்டம் என் வீட்டில்தான் நடந்தது. உள்ள கதிரை எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டு, வடை சுட்டு வைத்தேன். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் எங்கள் அன்பியத்தில் இருக்கிறார். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். கை உள்ள கதிரை அவருக்கு. வாசல் பக்கம், செருப்புகளுக்குக் கிட்ட, எப்போதும்போல அந்த அக்கா வந்து இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக ஏலாது.

அந்த அக்காவின் மகன்தான் என் தம்பியைக் கொன்றவன்.

இடம்பெயர்ந்துபோன சனம் திரும்பி வந்து, கடலில் மறுபடியும் வலை வைக்கத் தொடங்கியிருந்த காலம். யார் எந்த இடத்தில் வலை வைப்பது என்று தினமும் வாய்ச்சண்டை. என் தம்பியும் அவனும் கோயிலில் ஒரே நாளில் உறுதிப்பூசுதல் வாங்கியவர்கள், ஒன்றாகக் கள்ளுக் குடிப்பவர்கள். அன்றைக்கும் ஒன்றாகத்தான் குடித்தார்கள். பிறகு கரையில் வாக்குவாதம் முற்றி, வள்ளம் தாங்குகிற மரக்கோலால் அவன் என் தம்பியின் தலையில் அடித்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதல் சீவன் போய்விட்டது. அம்மா இல்லாத வீட்டில் நான் குளிக்க வார்த்து வளர்த்த தம்பி அவன். அந்த நாட்களில் அவனைக் கொன்றவனை என் கையாலேயே தூக்கில் போடுவேன் என்று கதைத்துத் திரிந்தேன். அதைக் கேட்டு ஊர் எனக்கு ஆறுதல் சொன்னது.

வழக்கு இழுபட்டு, கடைசியில் யாழ்ப்பாணத்தில் தீர்ப்பு. வாசிக்க முதல் எல்லோரையும் எழும்பி நிற்கச் சொன்னார்கள். விளக்குகளை அணைத்தார்கள். விசிறிகளையும் நிறுத்தினார்கள். சாவுத் தண்டனை கொடுக்கும்போது அப்படித்தான் வழக்கமாம். இவ்வளவு காலம் காத்திருந்த சந்தோசம் இப்போது வரும் என்று நின்றுகொண்டிருந்தேன். வரவில்லை. அந்தப் புழுக்கத்தில் எனக்கு வியர்த்ததுதான் மிச்சம். விசிறி நின்றுபோன அறையில் பின்னுக்கு நின்ற அந்த அக்கா மூச்சு எடுக்கப் படுகிற பாடு கேட்டது. தீர்ப்போடு தம்பி எழும்பி வந்துவிடுவான் என்று மனதின் ஏதோ ஒரு மூலையில் நம்பியிருந்திருக்கிறேன் போல. வேறு என்ன சொல்ல.

எங்கள் ஊர் வழியாக ஊர்காவற்றுறைக்கு அந்த நேரம் ஒரே ஒரு பஸ்தான். செத்தவனின் அக்காவும் கொன்றவனின் தாயும் அதே பஸ்ஸில்தான் பண்ணைப் பாலம் கடந்து வந்தோம். நான் முன்னுக்கு, அவர் பின்னுக்கு.

நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். தீர்ப்புக்குப் பிறகு அந்த அக்கா கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். சுருவில் பக்கம் நடந்து போய்ச் சாமான் வாங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் உச்சி வெயிலில் உரப்பையைத் தலையில் வைத்தபடி அவர் வருவதைப் பஸ்ஸில் இருந்து கண்டேன். சங்கக்கடை என் அப்பன் வீட்டுச் சொத்து இல்லை, வரச் சொல்லுங்கள் என்று அடுத்த நாளே ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பினேன். வந்தார். மா நிறுத்துக் கொடுத்தேன். காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார். பிறகு மெல்ல மெல்ல, மழை பெய்யுமா, பவுசர் வண்டியில் தண்ணீர் வந்ததா என்று கதைக்கத் தொடங்கினோம்.

மன்னித்துவிட்டேன் என்று பெரிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தத் தாய் என்ன பிழை செய்தார், நான் மன்னிக்க? அவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான். ஆனால் அந்த நீதிமன்றத்தில் விசிறி நின்ற நேரத்தை நான் மறக்கவில்லை. ஒரு உயிரை எடுப்பதற்காக எல்லோரையும் எழும்பி நிற்க வைக்கிற அந்த ஒழுங்கு எனக்கு அருவருப்பாக இருந்தது. என் தம்பியை அடித்தவன் குடிவெறியில் அடித்தான். இவர்கள் வெறி இல்லாமல், விளக்கை அணைத்து, மரியாதையாகச் செய்வார்கள். கிறிஸ்தவள் என்ற முறையில் எனக்கு ஒரு கருத்து இருந்தது என்றால் அது இதுதான். புத்தகத்தில் படித்து வந்த கருத்து இல்லை.

தூக்குத் தண்டனை எங்கள் நாட்டில் கொடுக்கப்படுகிறது, ஆனால் நெடுங்காலமாக நிறைவேற்றப்படுவதில்லை. அவன் தெற்கே ஒரு சிறையில் அப்படித்தான் இருக்கிறான். இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு என்ற பயத்தோடு. அந்த அக்கா இடைக்கிடை பஸ்ஸும் ரயிலும் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். புதிய அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை என்று ஒன்றை எழுதி, தூக்கை ஒரேயடியாக எடுத்துவிட்டால் அந்தப் பயம் தீரும். கூட்டத்துக்கு முதலே இதை நான் யோசித்து வைத்திருந்தேன்.

என் முற்றத்தில் மன்றாட்டுகள் தொடங்கின. கருவில் இருக்கும் பிள்ளையை அழிக்கச் சட்டம் இடம் கொடுக்கக் கூடாது என்று ஒருவர் மன்றாடினார். கேட்டருளும் என்றோம். எந்தச் சமயத்துக்கும் முதலிடம் என்று எழுதாமல் எல்லாச் சமயத்தையும் ஒன்றுபோல நடத்த வேண்டும் என்று மாஸ்டர் அழகாக மன்றாடினார். கேட்டருளும். முதலிடத்தை எங்களுக்குத் தருகிறோம் என்றால் மாஸ்டர் இதே மன்றாட்டைச் சொல்லியிருப்பாரா என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்தது, ஆனால் நானும் கேட்டருளும் என்றேன். ஆணும் ஆணும் குடும்பம் நடத்தச் சட்டம் விடக்கூடாது என்று ஒரு மன்றாட்டு வந்தது. அதற்கும் எல்லோரும் பதில் சொன்னோம். அப்படி வாழ்கிற ஒரு பிள்ளையின் தாய் எங்களோடு இருந்து, அவளும் கேட்டருளும் என்று சொன்னாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. கடைசியில் ஒரு கிழவர், பக்கத்து வீட்டு ஆடுகள் தன்னுடைய கத்தரியைத் தின்னாமல் இருக்கப் புதிய சட்டத்தில் வழி செய்ய வேண்டும் என்று மன்றாடினார். ஆட்டுக்காரன் உட்பட அத்தனை பேரும், ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றோம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தேன். சிரிப்பை அடக்கியதோடு நிறுத்தாமல் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பிறகு நான் எழும்பினேன்.

"ஆண்டவரே, ஆரையும் சாக்காட்டுற அதிகாரம் சட்டத்துக்கு இருக்கக் கூடாது. என்ரை தம்பியைக் கொலை செய்தவனையும் தூக்கிலை போடக் கூடாது. புதுச் சட்டத்திலை இதை எழுதோணும் எண்டு உம்மை மன்றாடுறன்."

எல்லோரும் சேர்ந்து, ஒரு குரலும் பிசகாமல், ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள். மாஸ்டரின் கட்டைக் குரல் அதில் தனியாகக் கேட்டது. இந்தச் சனத்தைப் பற்றி நான் இவ்வளவு நாளும் குறைவாக நினைத்திருந்தேனே என்று வெட்கப்பட்டேன்.

எல்லோரும் போன பிறகு அந்த அக்கா குசினிக்குள் வந்து கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். என் வீட்டுக் குசினிக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. விடுங்கோ அக்கா என்றேன். கேட்கவில்லை. முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"எல்லாரும் சொன்னவை, தங்கச்சி. நான் ஒவ்வொருத்தற்றை வாயையும் பாத்தனான்."

குழு வருவதற்கு முதல் அவர் சிறைக்குப் போய் வந்தார். ஊர் உனக்காகக் கேட்கப் போகிறது என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். முதலில் சொன்னது யார் என்று அவன் கேட்டானாம். செத்தவனின் அக்கா என்று சொன்னதும் கம்பிவலையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றானாம். இதை என்னிடம் சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

எல்லா அன்பியங்களின் கருத்தையும் சேர்த்துப் பங்கின் சார்பில் பேசுகிற பொறுப்பை மாஸ்டரிடம் சுவாமி கொடுத்தார். கோயில் வாசலில் மாஸ்டரைக் கண்டு, என் மன்றாட்டை மறந்துவிட வேண்டாம் என்று ஞாபகப்படுத்தினேன். அவர் என் தோளைத் தட்டாத குறையாகச் சொன்னார்.

"நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும். உம்மடை விசயத்தை நான் வடிவாச் சொல்லுவன்."

குழு வந்த அன்று ஊர்காவற்றுறை மண்டபம் நிறைந்திருந்தது. அந்த அக்கா திருநாளுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் தடவையாக வாசலில் இருக்காமல் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். சுவாமி முன் வரிசையில்.

எங்களுக்கு முன் பேசியவர்களில் ஒருவர், போதைப்பொருள் விற்கிறவனைத் தெருவில் வைத்துத் தூக்க வேண்டும் என்றார். மண்டபம் கைதட்டியது. அடுத்தவரும் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். கைதட்டலும் கூடியது. அதற்குப் பிறகு மாஸ்டர் எழும்பினார். கருவில் வளரும் உயிர் கடவுளின் கொடை, அதைத் தொட எந்தச் சட்டத்துக்கும் உரிமை இல்லை என்று தொடங்கினார். திருமணம், குடும்பம், சமயச் சமத்துவம் என்று ஒவ்வொன்றாக, உண்மையாகவே வடிவாகத்தான் பேசினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு எங்கள் பக்கம் கையை நீட்டினார்.

"எங்கடை பங்கிலையே ஒரு சகோதரி இருக்கிறா. தன்ரை தம்பியை அடிச்சுச் சாக்காட்டினவனுக்குத் தீர்ப்புக் கிடைச்சும் இன்னும் நீதி கிடைக்காமல் இருக்கிறா. இந்தா, அதிலை இருக்கிறா. குடுத்த தண்டனையை நிறைவேற்றாத சட்டம் ஆருக்கு? தூக்கை நிறைவேற்றோணும் எண்டு எங்கடை பங்கு கேக்குது."

கைதட்டல். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், பரிதாபமாக. அந்த அக்கா என் கையை விட்டார். உதறவில்லை. ஒரு பாத்திரத்தைக் கீழே வைப்பதுபோல என் கையை என் மடியில் வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டார்.

நான் எழும்பிவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. ஒலிவாங்கியும் தரவில்லை. சங்கக்கடையில் வரிசையை அடக்கிய குரல் எனக்கு இருக்கிறது, அது போதும்.

"மாஸ்டர் சொன்ன சகோதரி நான்தான். தூக்கு வேணும் எண்டு நான் கேக்கேல்லை. கருவிலை இருக்கிற பிள்ளையின்ரை உயிர் கடவுளின்ரை எண்டு மாஸ்டர் சொன்னவர். நானும் அதைத்தான் சொல்லுறன். அந்தப் பிள்ளை வளந்து பிழை செய்தால் மட்டும் அதின்ரை உயிர் அரசாங்கத்தின்ரையாப் போகுமோ? எங்கடை அன்பியத்திலை தூக்கு வேண்டாம் எண்டுதான் எல்லாரும் சொன்னவை. இஞ்சைதான் இருக்கினம். கேட்டுப் பாருங்கோ."

குழுவின் தலைவர் தன்மையான மனிதர். இது பங்கின் கருத்தா, உங்களுடைய கருத்தா என்று கேட்டுவிட்டு, என் பக்கம் நிற்கிறவர்கள் கையை உயர்த்தலாம் என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். என் முற்றத்தில் இருந்து வடை தின்றவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஒருவர் செருப்பைப் பார்த்தார். ஒருவர் கைக்குட்டையை மடித்தார். ஆட்டு மன்றாட்டுக் கிழவர் மேலே சுழன்ற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவுத் தண்டனை இன்றைய திருச்சபைக்கு ஏற்றதில்லை என்று எங்களுக்குப் பிரசங்கம் வைத்த சுவாமி முன் வரிசையில் தலையைக் குனிந்து செபமாலையை உருட்டினார். ஒரு கையும் உயரவில்லை.

கேட்டருளும் என்று சொன்னீர்கள்தானே என்று அவர்களிடம் நேரே கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரிதான் பதில் சொன்னாள், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

"அது செபம்தானே அக்கா. செபத்துக்கு ஆர் இல்லையெண்டு சொல்லுறது?"

இரண்டு கருத்தையும் குறித்துக்கொள்கிறோம் என்று தலைவர் சொன்னார். அடுத்ததாக ஒருவர் குடிதண்ணீரைப் பற்றிப் பேச எழும்பினார். நான் பக்கத்துக் கதிரையைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது.

வெளியில் மாஸ்டரை மறித்தேன். அவர் பதறவில்லை. பாடசாலையில் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவதுபோல விளங்கப்படுத்தினார். கனடாவில் இருக்கிற என் அண்ணை அவருக்குத் தொலைபேசி எடுத்து, தூக்கை நிறைவேற்றத்தான் கேட்க வேண்டும் என்றாராம். தம்பியின் விசயத்தில் அவருக்கும் ஒரு சொல் இருக்கிறது அல்லவா என்றார். காசு அனுப்பிக் கோயில் மதிலைக் கட்டித் தந்த அண்ணையின் மனதை நோகடிக்கலாமா, சுவாமியும் அப்படித்தான் நினைக்கிறார் என்றார். என் பேச்சு நல்லாத்தான் இருந்தது, ஆனால் இடம் அது இல்லை என்றும் சொன்னார். அவர் மனதறிந்து ஒரு துரோகமும் செய்ததாக நினைக்கவில்லை. அதுதான் என்னை எரித்தது. துரோகம் என்று தெரிந்து செய்கிறவனோடு சண்டை பிடிக்கலாம். இவர்களோடு என்ன செய்வது?

வீதியோரத்தில் நின்றே அண்ணைக்கு எடுத்தேன். நீ மன்னிப்பாய், எனக்கு ஏலாது என்றார்.

"நீங்கள் இருக்கிற நாட்டிலை தூக்கு இல்லை, அண்ணை. அப்பிடியான நாடு எண்டுதானே பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போனனீங்கள்," என்றேன்.

அண்ணை திருப்பிக் கேட்டார்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் என்ரை தம்பியை நீ ஏன் கூட்டத்துக்கு இழுத்தனீ?"

அது நியாயமான கேள்விதான். அவருக்கும் அவன் தம்பிதான். ஆனால் அதனால் என் கோபம் குறையவில்லை. எனக்குச் சொல்லாமல் என்னைச் சபையில் தூக்குக்குச் சாட்சியாக நிறுத்தியது அவர்தானே.

கூட்டம் முடிந்து எங்கள் ஊருக்குத் திரும்பவும் அதே பஸ்தான். அந்த அக்கா பின்னுக்கு இருந்தார். நான் எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருக்கப் பார்த்தேன். அவர் உரப்பையை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு யன்னலால் கடலைப் பார்த்தார். பிறகு அன்பியத்துக்கும் வரவில்லை. அவருடைய வீட்டுக்குப் போனேன். கதிரையைத் துடைத்துப் போட்டு இருக்கச் சொன்னார். என்னில் கோபம் இல்லை என்றார். நான் எழும்பிப் பேசியதை வாசலில் நின்று கேட்டாராம்.

"ஆனால் நான் அவனுக்குச் சொல்லிப்போட்டன், தங்கச்சி. இனி எப்பிடிப் போய் இல்லையெண்டு சொல்லுறது?"

அந்தப் புதிய அரசியலமைப்பு வரவே இல்லை. எங்கள் மனச்சாட்சியைக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் அதை எங்கே வைத்தார்களோ. எந்தச் சமயத்துக்கு எந்த இடம் என்பதும், கருவுக்கு என்ன உரிமை என்பதும் இருந்தபடியே இருக்கின்றன. ஆடுகள் கத்தரி தின்கின்றன. இடையில் ஒரு காலம், தூக்கை மறுபடி கொண்டுவரப் போகிறோம் என்று செய்தியில் சொல்லத் தொடங்கினார்கள். தூக்குப் போட ஆள் தேடுகிறார்கள் என்றும் சொன்னார்கள். அடுத்த நாள் காலை அந்த அக்கா என் படலையில் வந்து நின்றார். மகன் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறான், ஊர் கேட்டது என்ன ஆனது என்று. தனியப் போக ஏலாது, நீரும் வாரும் என்றார்.

போனேன். அண்ணைக்குச் சொல்லவில்லை. மாஸ்டருக்கும் சொல்லவில்லை.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவனை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. நான் மனதில் வைத்துக் கோபித்துக்கொண்டிருந்தவன் இளந்தாரி. இவன் மயிர் கொட்டி, தோள் குறுகிப்போன மனிதன். என் தம்பி இருந்திருந்தால் அவனுக்கும் இந்த வயதுதான். எனக்கு முன்னால் அவன் நிமிரவில்லை. தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன்தான் கேட்டான்.

"அக்கா, எங்கடை சனம் எல்லாம் எனக்காக மன்றாடினதாம். உண்மையோ?"

"ஓம். ஒருத்தரும் குறையாமல் சொன்னவை," என்றேன்.

"மாஸ்டருமோ?"

"மாஸ்டரும்தான்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு அழுதான். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. திரும்பி வரும்போது அந்த அக்கா என் பக்கத்தில்தான் இருந்தார். உரப்பை இந்தத் தடவை அவருடைய மடியில் இருந்தது.

தூக்கு வரவில்லை. அந்தப் பேச்சும் கொஞ்ச நாளில் அடங்கியது. அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான், ஊர் தனக்காகக் கேட்டது என்ற நம்பிக்கையோடு.

சிறைக்குப் போய் வந்த பிறகு வந்த ஞாயிறு, மாஸ்டர்தான் மன்றாட்டு வாசித்தார். நாட்டுக்காக வாசித்தார், நோயாளிகளுக்காக வாசித்தார், பிறகு சிறையில் இருப்பவர்களுக்காக என்று ஒன்று வாசித்தார். சனம் முழுவதும் சேர்ந்து, ஒரு குரலும் பிசகாமல், கேட்டருளும் என்று சொன்னது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.